மதகுக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் ஒரு கோடு

இன்று காலை இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் பட்டது. இரண்டு மூன்று நாள் ஈஸ்ட் வளர்ந்த தட்டுகளின் வாசனை. நம் லேப்புக்குள் முதன்முதலாகக் கால் வைத்த அன்று நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்னடி இது, ஆப்பத்துக்கு மாவு புளிக்க வச்ச வீடு மாதிரி இருக்கு" என்றாயே, அதேதான். இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கையில் தட்டோடு நின்ற எனக்குக் கொஞ்ச நேரம் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. தஞ்சாவூரின் அந்த மாடி அறை, கடகடவென்று சுற்றும் மின்விசிறி, பக்கத்து மேசையில் நீ. திரும்பிப் பார்த்தால் இருப்பாய் என்று தோன்றியது. பார்த்தால் போய்விடுவாயோ என்று பயந்து, திரும்பாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ லாத்தா என்று கூப்பிடும் உன் அக்கா அனுப்பிய செய்தியை நான் பார்த்தபோது இங்கே காலை காப்பி நேரம். அங்கே மத்தியான லுஹர் தொழுகை முடிந்து உன்னை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். உனக்காக அழ எனக்கு உரிமை இருக்கிறதா என்ற யோசனைதான் முதலில் வந்தது. அதற்குக் காரணம் ஒரு கோடு. உனக்குத் தெரியும், எந்தக் கோடு என்று.

கடல் உள்ளே வந்த வருஷத்துக்குப் பிறகு நாகப்பட்டினத்துப் பக்கம் வயலெல்லாம் உப்பேறிக் கிடந்தது. நெல்லின் வேர் உப்பை எப்படித் தாங்குகிறது, அந்தச் செல்லுக்குள் எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று ஒரு வரைபடம் போட வேண்டும். அதுதான் நம் திட்டம். ஈஸ்ட்டில் சோதனை செய்யக் குத்தாலத்துக்காரி நான். வருகிற முடிவுகளைக் கம்ப்யூட்டரில் கோத்து வலையாக்க நாகப்பட்டினத்துக்காரி நீ. நீ அதுவரை சோதனைக் குழாயைத் தொட்டதில்லை. நான் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் அடிப்பதற்கு மேல் ஒன்றும் செய்ததில்லை. என் அப்பா குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் என்று தெரிந்தும் என்னை "மிராசு" என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுவாய். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதைப் பார்க்கத்தான் கூப்பிடுவாய்.

ஈஸ்ட் சோதனையை நான் உனக்கு விளக்கியது நினைவிருக்கிறது. ஈஸ்ட்டுக்குள் ஒரு சுவிட்ச். அதை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டில் ஒரு நெல் புரதத்தையும் மற்றதில் இன்னொரு நெல் புரதத்தையும் கட்டிவிடுவோம். இரண்டு புரதமும் தொட்டுக்கொண்டால் துண்டுகள் சேரும், சுவிட்ச் வேலை செய்யும், ஈஸ்ட் நீலமாகும். தொடாவிட்டால் வெள்ளை. நீ கவனமாகக் கேட்டுவிட்டு, "யாரையும் தொடாமலே நீலமாகிற ஆளும் இருப்பான்ல?" என்றாய். முதல் நாளே கேட்டாய். அதற்காகத்தான் கன்ட்ரோல் தட்டு என்று ஒன்று வைப்போம், துணையே இல்லாமல் ஒற்றைப் புரதத்தை விட்டுப் பார்ப்போம், அது வெள்ளையாகவே இருந்தால்தான் மற்ற நீலத்தை நம்புவோம் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி பதில் சொன்னேன்.

மத்தியானங்கள்தான் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. கரண்ட் போய் வந்த பிறகு நீ வலையைத் திறப்பாய். புரதத்துக்கு ஒரு புள்ளி, சேர்ந்து வேலை செய்யும் இரண்டுக்கு நடுவில் ஒரு கோடு. புள்ளிகளெல்லாம் முதலில் ஒரே குவியலாகக் கிடக்கும். பிறகு ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் மெல்ல விலகும், மிதக்கும், தன் இடத்தைத் தேடிக்கொண்டு போகும். அந்தப் பழைய மானிட்டரில் அது அடங்கக் கால் மணி நேரம் ஆகும். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருப்போம். ஜன்னலுக்கு அப்பால் நடவு முடிந்த வயலில் தண்ணீர் மினுங்கும். எது திரை, எது வயல் என்று கண் குழம்பும். யாரும் பேசமாட்டோம். பேசினால் புள்ளிகள் நின்றுவிடும் என்பது போல ஒரு பிரமை.

ஒரு நாள் அந்த மயக்கத்திலேயே நீ சொன்னாய், "இதுக்குள்ள போய் ஒரு தடவை நின்னு பார்க்கணும்டி." எப்படி இருக்கும் என்று கேட்டேன். "தர்கா கந்தூரிக் கூட்டம் மாதிரி இருக்கும். எல்லாரும் எல்லாரையும் இடிச்சுக்கிட்டே போவாங்க. அதுல யாரு யாரோட கூட வந்தவங்க, யாரு சும்மா இடிச்சிட்டுப் போனவங்கன்னு கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் நம்ம வேலை" என்றாய். அவ்வளவுதான் நம் வேலை. எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டுவிட்டேன், இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

எதை நம்புவது என்று நீ திணறிக்கொண்டிருந்த நாளில்தான் என் அப்பாவின் பழக்கத்தைச் சொன்னேன். பெண் கொடுப்பதற்கு முன்னால் அப்பா மாப்பிள்ளை ஊருக்குச் சொல்லாமல் போவார். ஏதோ விதைநெல் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு டீக்கடையில் உட்காருவார். அதோடு விடமாட்டார். அடுத்தது ஒரு சலூன், அதற்கடுத்தது ஒரு உரக்கடை. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டுறவு இல்லாத இடங்களாகத் தேடிப்பிடிப்பார். "ஒரு ஆளு சொன்னதையே மூணு பேரு திருப்பிச் சொன்னா அது மூணு சாட்சி இல்லம்மா, ஒண்ணுதான்" என்பார். என் அக்காவுக்குப் பார்த்த மூன்று வரன்களை டீக்கடை பெஞ்சிலேயே தள்ளிவிட்டு வந்தவர்.

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு உன் லாத்தா கதையைச் சொன்னாய். அரபு நாட்டுக்குச் சபர் போன மாப்பிள்ளை. நல்ல குணம் என்று பள்ளிவாசல் பக்கம் சொன்னார்கள், கடைத்தெருவில் சொன்னார்கள், தூரத்து மாமி ஒருத்தியும் சொன்னாள். உன் வாப்பா சந்தோஷமாகச் சம்மதித்தார். கல்யாணம் ஆன இரண்டாம் மாதத்திலிருந்து கை நீட்ட ஆரம்பித்தான். லாத்தா திரும்பி வந்த பிறகுதான் விசாரித்தார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே ஆளிடம். அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்த ஆளிடம். "அங்க அவன்கூட ஒரே ரூம்ல இருந்த ஒருத்தர்கிட்ட ஒரு போன் போட்டிருந்தா போதும்டி. அடி தாங்காம மூணு பேரு ரூம் மாறிப் போயிருக்காங்க" என்றாய். உன் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். அதைச் சொன்னபோது உன் குரல் மாறவே இல்லை.

மறுநாள் முதல் நம் வலையில் ஒரு புது விதி வந்தது. ஒவ்வொரு கோட்டையும் பின்னால் போய்த் தேடுவாய். எத்தனை ஆதாரம் என்று எண்ணமாட்டாய், ஒன்றையொன்று கேட்காத ஆதாரம் எத்தனை என்று பார்ப்பாய். அப்படிக் கிடைக்காத கோட்டைப் புள்ளிக்கோடாக்கிவிடுவாய். அந்தச் சோதனைக்கு நீ வைத்த பெயர் டீக்கடை. "இந்தக் கோட்டுக்கு டீக்கடை போயாச்சா?" என்று நீ கேட்டால் லேப்பில் எல்லோருக்கும் புரியும்.

என் கோடு வந்தது அதற்கு முந்திய பொங்கலுக்கு. வேர்ச் செல்லின் ஓரத்தில் நின்று உப்பை வெளியே தள்ளும் புரதத்துக்கு மதகு என்று நான் பெயர் வைத்திருந்தேன். அதைத் திறந்துவிடுவது யார் என்று யாருக்கும் தெரியாது. நம் பட்டியலில் இருபத்தேழாவதாக, வேலை இன்னதென்றே தெரியாத ஒரு புரதம் இருந்தது. தட்டில் மதகும் இருபத்தேழும் சேர்ந்து நீலமானபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உப்பு வயலில் நெல் பிழைக்கும் ரகசியமே கையில் கிடைத்த மாதிரி இருந்தது. கருத்தரங்கில் இந்த முடிவைப் போஸ்டராக்கி வைத்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் நின்று படித்தார். கட்டுரை அச்சுக்கு ஏற்கப்பட்டால் தன் லேப்பில் இடம் தருகிறேன் என்று எழுதினார்.

அப்பா எனக்கு அடுத்த சம்பா அறுப்பு வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் வெளிநாட்டு வேலை வராவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பேன், டீக்கடைக்குக் கிளம்புவேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் அதுவரை ஆண்கள்தான் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போயிருந்தார்கள். நான் போக வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. இன்றைக்கு அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. போக வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை. அதற்காகச் செய்ததுதான் தப்பு.

கட்டுரை எழுதும்போது பொதுத் தரவுத்தளங்களில் தேடினேன். மதகு–இருபத்தேழு இணைப்பு மூன்று தளங்களில் இருந்தது. கணித்துச் சொல்லும் நிரல் ஒன்றும் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்திருந்தது. துள்ளிக்கொண்டு உன்னிடம் வந்தேன். நீ இரண்டு நாள் எடுத்துக்கொண்டாய். மூன்றாம் நாள் மத்தியானம், புள்ளிகள் மிதந்துகொண்டிருந்தபோதே கேட்டாய்.

"இதுக்கு டீக்கடை போனியா?"

"மூணு டேட்டாபேஸ்ல இருக்குடி. ஸ்கோரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். மூணாவது ரெண்டாவதைப் பார்த்து எடுத்திருக்கு. ரெண்டாவது முதலாவதைப் பார்த்து எடுத்திருக்கு. ஸ்கோர் போடுற புரோகிராமுக்கு இந்த மூணையும் காட்டித்தான் பழக்கியிருக்காங்க. முதலாவது எங்கேருந்து எடுத்துச்சு தெரியுமா?"

"எங்கேருந்து?"

"உன் போஸ்டர்லேருந்து."

எனக்கு முகம் சுட்டது. நீ நிறுத்தவில்லை. என் லேப் நோட்டை மேசையில் விரித்துவைத்திருந்தாய். "கன்ட்ரோல் தட்டை என்னிக்குப் பார்த்தே?"

"போகி அன்னிக்குக் காலையில. மூணாம் நாள். வெள்ளை."

"பார்த்துட்டு?"

"குப்பையில போட்டுட்டு ஊருக்குப் போனேன். அறுப்பு, பொங்கல், நான் இல்லாம முடியுமா?"

"நீலத்தைப் பார்த்தது?"

காணும் பொங்கல் முடிந்து மறுநாள். ஏழாம் நாள். நான் சொல்லவில்லை, நோட்டிலேயே என் கையெழுத்தில் இருந்தது. கன்ட்ரோலையும் ஏழு நாள் வைத்திருந்தால் அதுவும் தானாகவே நீலமாகியிருக்குமோ என்றுதான் நீ கேட்டாய். குற்றம் சொல்லவில்லை. ஈஸ்ட்டை விட்டுவிட்டு வேறு வழியில் பார்க்கச் சொன்னாய். நெல் வேரையே அரைத்து, மதகை மட்டும் பிடித்து வெளியே இழுத்து, கூடவே இருபத்தேழும் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்க்கலாம் என்றாய். "அது அவன் ரூம்ல கூட இருந்தவனைக் கேக்கிற மாதிரி" என்றாய். அதற்கு வேண்டிய பொருள் வெளியூரிலிருந்து வர வேண்டும். ஆறு மாதமாவது ஆகும். என் தவணையோ அறுப்பு வரை.

அப்போது நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன். "உங்க லாத்தா வாழ்க்கை கெட்டுப்போச்சுன்னு என் வாழ்க்கையைக் கெடுக்காதே."

நீ திரையில் புள்ளிகள் அடங்கும்வரை காத்திருந்தாய். பிறகு கம்ப்யூட்டரை அணைத்தாய். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பேப்பர்லேருந்து என் பேரை எடுத்துடு" என்றாய். "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்ங்க" என்றும் சொன்னாய். நீ என்னை 'ங்க' போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. நான் எழுந்து வரவில்லை.

பெயரை எடுத்தேன். கோட்டைத் தடிமனாகப் போட்டேன். கட்டுரை வந்தது, வேலை வந்தது, விமானம் ஏறினேன். பெருநாளுக்கு நான் வாழ்த்து அனுப்புவேன், பொங்கலுக்கு நீ அனுப்புவாய். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இங்கே வந்த மூன்றாம் வருஷம், மனசு உறுத்தியதால் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் மதகைத் தனியாக ஈஸ்ட்டில் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெள்ளை. ஐந்தாம் நாள் ஓரத்தில் லேசாக ஒரு சாயல். ஏழாம் நாள் நல்ல நீலம். வேரை அரைத்தும் பார்த்தேன், மூன்று முறை. மதகு வந்தது. இருபத்தேழு வரவில்லை. நீ கேட்டது சரி, நான் போட்டது பொய்க்கோடு என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்த வேலை, இந்த லேப், இங்கே எனக்கிருக்கும் மரியாதை எல்லாம் அந்தக் கோட்டைப் பிடித்து ஏறி வந்தவை. பயந்தேன்.

உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் போன் செய்தேன். இதைச் சொல்லத்தான் செய்தேன், நம்பு. நீ குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டதா, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். நீ பாடம் நடத்தும் கல்லூரி மாணவிகளைப் பற்றிச் சொன்னாய். மருந்து சாப்பிட்டால் மீன் வாடையே பிடிக்கவில்லை, நாகப்பட்டினத்தில் பிறந்தவளுக்கு வந்த கேடு பார் என்று சிரித்தாய். இருமல் வந்து நிறுத்தினாய். பிறகு, "நீ என்னமோ சொல்ல வந்தே" என்றாய். "ஒண்ணுமில்லடி, சும்மாதான்" என்றேன். "சரி, அப்புறம் சொல்லு" என்றாய். அதற்கு அப்புறம் உன் குரலைக் கேட்கவில்லை. அந்த 'சும்மாதான்' இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல வருகிறது.

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பினாள். நம் கோட்டை வைத்துத்தான் அவள் தன் ஆய்வையே கட்டப்போகிறாளாம். நான்கு வருஷத் திட்டம். ஒன்பது தரவுத்தளங்கள் இதை உறுதிசெய்கின்றன, மேடம், என்று எழுதியிருந்தாள். ஒன்பது. மூன்று ஒன்பதாகியிருக்கிறது. எல்லாம் ஒரே ஆள் சொன்னது. அந்த ஆள் நான். ஒருத்தியின் நான்கு வருஷத்தை என் பொய் தின்னப்போகிறது என்று நினைத்தபோதுதான் எனக்குப் பயம் போனது. அவளுக்கு அன்றே உண்மையை எழுதினேன். அச்சிட்ட இதழுக்கும் எழுதினேன், கோட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று. அவர்களுடைய படிவத்தில், பிழையை முதலில் கண்டறிந்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. உன் பெயரை எழுதினேன். அவருடைய சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது. இறந்துவிட்டார் என்றேன். குடும்பத்தில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்றார்கள்.

உன் வாப்பாவும் உம்மாவும் உனக்கு முன்பே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது லாத்தா மட்டும்தான். யாருடைய வாழ்க்கையைச் சொல்லி உன்னை அடித்தேனோ, அவரிடமே போய் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, பொங்கல், நோட்டு. அந்த வார்த்தையையும் சொன்னேன். மறைத்துச் சம்மதம் வாங்கினால் அதுவும் இன்னொரு பொய்க்கோடுதானே.

லாத்தாவுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நீங்க அப்படிச் சொன்னீங்கன்னு அவ எங்கிட்ட சொல்லவே இல்லம்மா" என்றார். "பேப்பர் அச்சாகி வந்துச்சுல்ல, அதை நான்தான் பார்க்கணும்னு கேட்டேன். உன் பேரைக் காணோமேடின்னேன். 'விட்டுப்போச்சு லாத்தா, அவ சேர்த்துடுவா'ன்னா. அதுக்கப்புறம் நானும் கேக்கல. நீங்க எழுதிக்கங்க. நான் சம்மதம்தான்."

போனை வைத்த பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். நன்றாக அழுதேன். உரிமை இருக்கிறதா என்று இந்த முறை யோசிக்கவில்லை. நான் உன்னை வெட்டிவிட்ட பிறகும் நீ என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறாய். அந்த நம்பிக்கைக்கு உன்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. கோட்டுக்குக் கோடு சாட்சி கேட்டவள் நீ. என் விஷயத்தில் மட்டும் யாரையும் விசாரிக்கவில்லை. இனி இருக்கும் நாளெல்லாம் நான் அதைச் சுமந்துகொண்டுதான் நடக்க வேண்டும். சுமக்கிறேன்.

திருத்தம் இன்று மத்தியானம் வெளிவந்தது. மூன்றே வரி. இரண்டாவது வரியில் உன் பெயர் இருக்கிறது, உன் வாப்பா பெயரின் முதல் எழுத்தோடு. லாத்தாவுக்கு அனுப்பிவிட்டேன்.

சேர்த்துட்டேன்டி.